பில்லின் பின்பக்கம்

ஐந்தரைக்கு மோட்டர் போட்டால்
முதலில் கொஞ்சம் காற்றைத் துப்பிவிட்டுத்தான்
தண்ணீர் வரும்.
கேத்திலின் அடியில் வெள்ளையாய்ப் படிகிற சுண்ணாம்பு
கன்னத்தையும் விட்டுவைக்காது என்று
முப்பத்திரண்டு வயதுவரை
எனக்கு யாரும் சொல்லவில்லை.

நுரைத்துத் தள்ளும் சவர்க்காரத்தை விட்டு எட்டு மாதம்.
இப்போது நுரைக்காத ஒன்று, பயறளவு.
தாடைக்குக் கீழே, காதோரம்,
கை மறந்துபோகிற இடங்களிலும்.
கடைசிக் கோப்பைக்கு மட்டும்
நேற்றே கொதித்து ஆறிய தண்ணீர்.
துவாயால் தேய்ப்பதில்லை, ஒற்றுவதுதான்.
ஈரம் போகுமுன்னே கிறீம்.

பிறகு வெயிலுக்கானது.
இரண்டு விரல் நீளம் என்றார்கள்.
விலையைப் பார்த்துவிட்டு
முதல் மாதம் ஒரு விரலோடு நிறுத்தினேன்.
வெயில் பாதிவிலைக்கு இறங்கி வருவதில்லை.

அரியாலை, கொழும்புத்துறை, பாசையூர்.
நாளைக்கு நூற்றெண்பது மீற்றர்.
எல்லா வீட்டிலும் அதை
மேற்குச் சுவரில்தான் பூட்டியிருக்கிறார்கள்.
கைக்குக் காலுறை, தலைக்குத் தொப்பி;
நாய்க்கு என்னைப் பிடிக்காததில்
நியாயம் இருக்கிறது.

தங்கச்சி கலியாணத்துக்கு ஆறு கிழமை இருக்க
சலூனில் பிரதாயினி ஒரு டப்பி தந்தாள்.
பெயரில்லை, திகதியில்லை. வெள்ளை.
"ரெண்டு கிழமையில பாருங்கோ அக்கா."
பார்த்தேன். பொய்யில்லை.
அல்பத்தில் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில்
பளிச்சென்று நிற்பவளை
இன்றைக்கும் எனக்கு அடையாளம் தெரிவதில்லை.

டப்பி முடிந்த மூன்றாம் நாள்
முகம் எரிந்தது.
மூச்சுப் பட்டாலும் எரிந்தது.

பெரியாஸ்பத்திரித் தோல் கிளினிக், எழுபத்துநாலாம் நம்பர்.
டொக்டர் டப்பியை மணந்து பார்த்துவிட்டு மூடினா.
"இதுக்குள்ள என்ன கிடக்கெண்டு
செய்தவனுக்கே தெரியாது."
துண்டில் இரண்டு வரி எழுதினா:
காலை மூன்று, இரவு மூன்று.
"இவ்வளவுதானோ?"
"இவ்வளவையும் ஒவ்வொரு நாளும் செய்யுங்கோ பாப்பம்."

இரவு இரண்டு தரம் கழுவ வேண்டும்.
முதல் தண்ணீரில் ஸ்கூட்டி வீதியெல்லாம் கரைந்து போகும்.
அடுத்ததில்தான் நான்.
காய்ந்த பிறகு மருந்து, ஓர் அரிசியளவு,
ஒன்றைவிட்ட ஒரு நாள்;
கலண்டரில் புள்ளி வைத்துக்கொள்வேன்.
புதிதாய் எது வந்தாலும்
மூன்று நாள் காதுக்குப் பின்னால் காவல் இருக்கும்.
கடைசியாய் அதே காலைக் கிறீம்.
ஸ்காபரோவிலிருந்து தங்கச்சி அனுப்பிய பெரிய போத்தல்
பனிக்குச் செய்தது. இங்கே நெய்யாய் வழியும்.
குதிக்காலுக்குக் கொடுத்தேன்,
அதற்குப் புளுகம்.

மீற்றரில் ஏறின எண் ஏறினதுதான்.
முகமும் அப்படியென்றே நினைத்திருந்தேன்.
ஐந்தாம் மாதம் ஒரு நாள்
எரியவில்லை என்பதை
மத்தியானம்தான் கவனித்தேன்.
இடது கன்னத்தில் கொஞ்சம் சிவப்பு நரம்பு மிச்சம்.
அது போகாதாம். இருக்கட்டும்.

போன மாதம் பாசையூரில் கிளாறிஸ் அக்கா
கேற்றைப் பிடித்தபடி கேட்டா:
"பிள்ளை, முகத்துக்கு என்ன பூசுறனீர்?"
வெள்ளையாகிறதுக்கு இல்லை அக்கா, என்று சொல்லி
அவவுடைய பில்லின் பின்பக்கத்தில்
ஆறையும் எழுதிக் கொடுத்தேன்.

இன்று போனால்
வாசல் கண்ணாடிச் சட்டத்தில் அது செருகியிருக்கிறது.
வெயிலுக்கானது என்ற வரியை வெட்டி
மேலே 'குடை' என்று எழுதியிருக்கிறா.
பார்மசியில் விலை கேட்டிருப்பா.
"பிழையோ?"
"இல்லையக்கா. நீட்டுக் கைச்சட்டையும் போடுங்கோ."

எடுத்துத் திருப்பிப் பார்த்தேன்.
முன்பக்கம் இன்னும் கட்டவில்லை.